1993-இல் பட்டை ஏன் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பயங்கரவாதம் குறித்த பல்கலைக்கழக ஆய்வுகள் அரசுகளின் கொள்கையில் எப்படிப் போய்ச் சேருகின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எதைப் படித்தாலும் கண் முதலில் எண்களுக்குத்தான் போகும். அதனால் உலகில் ஆண்டுதோறும் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களின் எண்ணிக்கையைக் காட்டக் கட்டுரையோடு போட்டிருந்த பட்டை வரைபடத்தில் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொல்கிறார், அரசு கேட்டு நடக்கிறது என்று கட்டுரையில் எல்லாம் ஒரே திசையில் ஓடும் வாய்க்காலாக இருக்கிறது. நான் பார்த்த வரையில் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அரசுதான். எந்த ஆய்வு வயலுக்குப் போக வேண்டும், எது ஓடையில் கலக்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

2004-இல் நடந்ததைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை. அந்த ஏப்ரல் கடைசியில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் வருடாந்திர பயங்கரவாத அறிக்கையை வெளியிட்டது. 2003-இல் உலகம் முழுவதும் 190 சர்வதேசத் தாக்குதல்கள்தான், 1969-க்குப் பிறகு இதுவே மிகக் குறைவு, இறந்தவர்கள் 307 பேர் என்றது அறிக்கை. இந்தப் போரில் நாம் வென்று வருகிறோம் என்பதற்கு இந்தப் பக்கங்களிலேயே தெளிவான சான்று இருக்கிறது என்ற பொருளில் துணைச் செயலர் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ் பேசினார். அது அங்கே அதிபர் தேர்தல் ஆண்டு.

பிரின்ஸ்டன் பொருளாதாரப் பேராசிரியர் ஆலன் க்ரூகரும் ஸ்டான்ஃபோர்டு அரசியல் அறிவியல் பேராசிரியர் டேவிட் லைட்டினும் அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டினார்கள். 'முக்கியமானவை' என்று தேதிவாரியாகக் கொடுத்திருந்த தாக்குதல்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால், அவை குறையவில்லை, கூடியிருந்தன. குறைந்தது 'முக்கியமில்லாதவை' மட்டும்தான். அவற்றின் பட்டியலோ அறிக்கையில் இல்லை. போதாததற்கு, முக்கியமானவற்றின் பட்டியலும் நவம்பர் 11-ஓடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு நவம்பர் 15-இலும் 20-இலும் இஸ்தான்புல்லில் யூத வழிபாட்டிடங்களிலும் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்திலும் குண்டு வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. மே மாதம் இருவரும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் இதை எழுதினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் வெளியுறவுச் செயலர் காலின் பவலுக்குக் கடிதம் போட்டார். ஜூனில் திருத்திய அறிக்கை வந்தது. தாக்குதல்கள் 208, இறந்தவர்கள் 625. அதே வருடம்தான், சாவு மட்டும் இரண்டு மடங்கு.

பின்னிணைப்பு அச்சாகியிருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. வெறும் மொத்தத்தை மட்டும் போட்டிருந்தால் அந்த இரண்டு பேராசிரியர்களும் என்ன செய்திருக்க முடியும்?

அடுத்த ஆண்டு அறிக்கையில் எண்களைப் போடும் வேலையையே வெளியுறவுத் துறை கைகழுவியது. அந்தப் பொறுப்பு தேசிய பயங்கரவாத எதிர்ப்பு மையத்துக்குப் போனது. 2004-இல் 651 முக்கியத் தாக்குதல்கள் என்றது மையம். முந்தைய ஆண்டின் திருத்திய கணக்கில் அவை 175. ஒரே வருடத்தில் உலகம் நான்கு மடங்கு கெட்டுப்போய்விடவில்லை. இன்னும் உன்னிப்பாக எண்ணியதும் அதற்கு ஒரு காரணம்.

இதே க்ரூகர், யிட்கா மலேச்கோவாவோடு சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வறுமையை ஒழித்தால் பயங்கரவாதம் ஒழியும் என்று அப்போது எல்லா மேடையிலும் பேச்சு. 2002 மார்ச்சில் மெக்சிகோவின் மான்டெர்ரே ஐ.நா. மாநாட்டில் ஜார்ஜ் புஷ்கூட அந்தத் தொனியில்தான் பேசினார். க்ரூகரும் மலேச்கோவாவும், சண்டையில் இறந்த 129 ஹெஸ்புல்லா (லெபனானின் ஆயுத அமைப்பு) போராளிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை எடுத்து, லெபனானின் பொது மக்கள்தொகையோடு ஒப்பிட்டார்கள். பொது மக்களில் வறியவர்கள் 33 சதவீதம், போராளிகளில் 28. மேல்நிலைக் கல்வியோ அதற்கு மேலோ படித்தவர்கள் பொது மக்களில் 38 சதவீதம், போராளிகளில் 47.

முடிவைவிட அந்த ஒப்பீடுதான் எனக்குப் பெரிது. இதை வகுப்பில் இப்படிச் சொல்வேன்: திருட்டு வழக்கில் பிடிபட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் டீ குடிப்பவர்கள். அதற்காக டீக்கடையை மூடலாமா? ஊரில் எத்தனை பேர் டீ குடிக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டாமா? சரி, இந்த ஆய்விலும் ஓட்டை இல்லாமல் இல்லை. சேர வருபவர்களில் படித்தவரை, கெட்டிக்காரரை அமைப்பே பொறுக்கி எடுத்தால், உள்ளே இருப்பவர்களின் படிப்பு கூடுதலாகத்தான் தெரியும். சேர விரும்பியவர்கள் எல்லாரும் அப்படி என்று ஆகிவிடாது.

பிரிட்டனுக்கு வருகிறேன். பயங்கரவாதத்தின் பக்கம் சாயக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்க அந்த அரசு நடத்தும் 'பிரிவென்ட்' திட்டத்தைக் கட்டுரை பாராட்டுகிறது. ஆய்வு நேரடியாகக் கொள்கையானதற்கு அது நல்ல உதாரணம் என்கிறது. உதாரணம்தான், ஆனால் எதற்கு? அங்கே சிறைத்துறை உளவியலாளர்கள், பயங்கரவாதக் குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்ற கைதிகளோடு பேசிப் பழகிய அனுபவத்திலிருந்து 22 அம்சங்களைத் தொகுத்தார்கள். ஈடுபாட்டுக்கு 13, நோக்கத்துக்கு 6, திறனுக்கு 3. அநீதிக்குப் பரிகாரம் தேடுவது, அடையாளத்துக்கும் சேர்ந்திருப்பதற்கும் ஏங்குவது, பரபரப்பை நாடுவது எல்லாம் அதில் வரும். கைதியை மதிப்பிடச் செய்த கருவி அது. அதே 22 அம்சங்கள் அப்புறம், எந்தக் குற்றமும் செய்யாதவர்களை மதிப்பிடும் படிவத்துக்குப் போயின. 2015 சட்டம் பள்ளி, பல்கலைக்கழகம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பிரிவென்டைக் கடமையாக்கியது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சத்தியமான வார்த்தை, ஆனால் அதே பானையாக இருக்க வேண்டும். சிறை என்ற பானையில் எடுத்த சோற்றைப் பள்ளிக்கூடப் பானைக்குப் பதம் என்றால் எப்படி? அநீதி கண்டு கொதிப்பதும் கூட்டத்தோடு சேரத் துடிப்பதும் இல்லாத பதினேழு வயதுப் பையனை என் முப்பது சொச்ச வருட வேலையில் நான் பார்த்ததே இல்லை. கைதிகளிடம் இருந்த குணங்கள் கைதி ஆகாதவர்களிடம் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் கேள்வி. மறுபடியும் டீக்கடைக்கே வந்துவிட்டோம். 2016-இல் நூறுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி ஆட்சேபித்தார்கள். ஆதாரத்தை வெளியிட்டுப் பிறர் சோதிக்க விடுங்கள் என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரியும் கேட்டது.

2015–16-இல் பிரிவென்டுக்கு 7,631 பேரைப் பற்றித் தகவல் போனது. மூன்றில் ஒரு பங்கு பள்ளி, கல்லூரிகளிலிருந்து. அவர்களில் திட்டத்தின் ஆய்வுக் குழு கூடி விவாதித்தது 1,072 பேரை. கடைசியில் திட்டத்தின் உதவி பெற்றவர்கள் 381. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, கணக்கே அப்படி. பத்து லட்சம் பேரில் பத்துப் பேர்தான் ஆபத்தானவர்கள் என்று வையுங்கள். நூற்றுக்கு ஒரு தடவை மட்டுமே தவறும் அபாரமான சோதனை உங்களிடம் இருந்தாலும், சும்மா இருப்பவர்களில் பத்தாயிரம் பேர் மாட்டுவார்கள். நிஜச் சோதனை எதுவும் அவ்வளவு அபாரம் இல்லை.

மாட்ட வேண்டியவர் நழுவுவதும் உண்டு. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்ற இளைஞனைப் பற்றி 2019-க்கும் 2021-க்கும் இடையில் மூன்று முறை பிரிவென்டுக்குத் தகவல் போயிருந்தது. தெளிவான கொள்கைப் பிடிப்பு எதுவும் தெரியவில்லை என்பதால் கோப்பு ஒவ்வொரு முறையும் மூடப்பட்டது. கருவி தேடியது ஒன்று, வந்து நின்றது வேறொன்று.

நமக்கு நெருங்கிய ஒன்றையும் சொல்ல வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்தார். அவற்றில் 76 விடுதலைப் புலிகளுடையவை. 1987 ஜூலை 5 நெல்லியடியில் தொடங்கும் வரிசை அது. மதமல்ல, சொந்த மண்ணில் அந்நியப் படை நிற்பதுதான் தற்கொலைத் தாக்குதலுக்கு மூலகாரணம் என்றார் பேப். ஆகவே அமெரிக்கா மேற்காசியாவில் தன் தரைப்படைகளை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது அவர் தந்த யோசனை. ஈராக் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அது எவ்வளவு பேரின் காதுக்கு இனித்திருக்கும், எவ்வளவு பேருக்குக் கசந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்நியப் படை இருந்தும் அப்படி எதுவும் நடக்காத இடங்களை விட்டுவிட்டார் என்று 2008-இல் வேறு ஆய்வாளர்கள் மடக்கினார்கள்.

என் சந்தேகம் வேறு. இலங்கை ராணுவத்தை 'அந்நியப் படை' என்ற கட்டத்தில் போட்டால்தான் பேப்பின் கணக்கு நேராகும். போடலாமா என்று யாழ்ப்பாணத்தில் ஒருவரிடமும் கொழும்பில் ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள், இரண்டு விடை வரும். அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் 76, அதாவது மொத்தத்தில் ஏறக்குறையக் கால்வாசி, இடம் பெயர்ந்துவிடும். ஒரு நாட்டின் அரசியல் சண்டை முழுவதையும் ஒரு ஆய்வு உதவியாளர் கணினி முன் உட்கார்ந்து ஒரு தட்டலில் தீர்த்துவைக்கிறார். அவரைத் திட்டவில்லை, யாராவது ஒருவர் தட்டித்தானே ஆக வேண்டும். எந்தக் கட்டத்தில் தட்டினார் என்று வெளியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். 1970 முதல் ஆண்டுவாரியாகப் பட்டைகள். ஆதாரம் எது என்று கீழே ஒரு வரிகூட இல்லை. ஆனால் 1993-இல் பட்டையே இல்லை என்பதைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அது அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உள்ள உலக பயங்கரவாதத் தரவுத்தளம். அதன் பழைய பகுதி, பிங்கர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் தன் தேவைக்காகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகள். அலுவலகம் மாறும்போது 1993-ஆம் ஆண்டுக் குறிப்புகள் தொலைந்துபோயின. கிடைத்ததை வைத்துப் பல்கலைக்கழகம் மற்ற ஆண்டுகளைக் கணினியில் ஏற்றியது. தொலைந்ததை அது மறைக்கவில்லை, தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அரசுப் படைகள் செய்வது அந்தத் தளத்தின் கணக்கில் சேராது என்பதையும் சொல்லியிருக்கிறது. உங்கள் பக்கத்துக்கு வரும் வழியில் இரண்டு குறிப்பும் உதிர்ந்துவிட்டன.

1993 மார்ச் 12 அன்றுதான் பம்பாய்த் தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். உங்கள் வரைபடத்தில் அந்த வருடம் உலகத்தில் எங்குமே எதுவுமே நடக்கவில்லை. கட்டுரையாளரோ அந்த இடைவெளியை '90-களின் தொடக்கத்தில் ஏற்பட்ட திடீர்ச் சரிவு' என்று குறிப்பிட்டு, அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை