நிவாரணம் யார் கணக்கில் சேர்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிர்ச் சேதத்துக்கான நிவாரணத் தொகையை உயர்த்த வேண்டும் என்று தங்கள் நாளிதழின் தலையங்கம் வலியுறுத்தியிருந்தது. தொகை போதாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. 2023 பிப்ரவரியில், அறுவடைக்கு நின்ற சம்பா பயிர் பருவம் தவறிய மழையில் சாய்ந்தபோது, 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த நெல்லுக்குத் தமிழக அரசு ஹெக்டேருக்கு ரூ.20,000 அறிவித்தது, ஏக்கருக்குப் பார்த்தால் ஏறத்தாழ ரூ.8,000. நடவுக் கூலிக்கும் உரத்துக்குமே அது சரியாகிவிடும்.

ஆனால், அந்தத் தொகையும் யாருடைய வங்கிக் கணக்கில் சேர்கிறது என்பதைத் தலையங்கம் தொடாமல் விட்டது குறையே. டெல்டா மாவட்டங்களில் கோயில், மடங்களின் நிலங்களையும், வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் நிலங்களையும் உழுபவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள். அவர்களில் பலருக்கு வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்ட வயலின் வரப்பில் நின்று கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறை அலுவலரும் கணக்கெடுக்கும்போது, சேற்றில் இறங்கி நெல்லை அள்ளிக் காட்டுபவர் குத்தகைதாரர்; நில உரிமைப் பதிவான சிட்டாவில் இருக்கும் பெயரோ நிலத்துக்காரருடையது. கிராமத்தின் பயிர்ப் பதிவேடான அடங்கலிலும் சாகுபடி செய்பவரின் பெயர் ஏறாதபோது, பணம் நிலத்துக்காரரின் கணக்குக்குப் போகிறது. நல்ல மனம் படைத்தவர் அதைக் கொண்டுவந்து கொடுப்பார். மற்றவர் அந்த ஆண்டுக் குத்தகை பாக்கியில் கழித்துக்கொள்வார். அரசின் நிவாரணம் ஒருவரது மனத்தைப் பொறுத்ததாக இருக்கலாமா?

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் நிலத்துக்காரர்களுக்கு. கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதே என்ற அச்சம் குத்தகைதாரர்களுக்கு. இத்தனைக்கும் நெல்லை விற்கும் இடத்தில் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றைக் காட்டிக் குத்தகைதாரர் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தம் பெயரிலேயே நெல் போட முடிகிறது. விளைந்த நெல்லுக்கு ஏற்கப்படும் சான்று, அழிந்த நெல்லுக்கு மட்டும் ஏன் போதவில்லை என்பது விளங்கவில்லை.

எனவே, சம்பா பட்டத்தில் எந்தப் புல எண்ணில் யார் சாகுபடி செய்கிறார் என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்து, ஆட்சேபணை இருந்தால் அங்கேயே கேட்டு முடிக்கலாம். இந்தப் பதிவு அந்த ஒரு போகத்தின் நிவாரணத்துக்கு மட்டுமே, குத்தகை உரிமைக்கு ஆதாரமாகாது என்று அரசாணையிலேயே தெளிவுபடுத்திவிட்டால் நிலத்துக்காரர்களின் தயக்கமும் குறையும். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன்பே பட்டியல் கையில் இருந்தால், வெள்ளம் வந்தபின் சேத அளவை மட்டும் கணக்கெடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவாரூர் மாவட்டம்