சென்னையின் பெயரைச் சுமக்கும் அணிகளின் உரிமையாளர்களுக்கு, வியாசர்பாடியிலிருந்து

சென்னையின் பெயரிலும் தமிழ்நாட்டின் பெயரிலும் கிரிக்கெட், கால்பந்து, கபடி அணிகளை நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவன். உங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எந்த ஊர் அணியாக இருந்தாலும் சரி, தோற்ற இரவில் அதன் உரிமையாளர் சமூக வலைத்தளத்தில் எதையாவது எழுதிவிட்டால், காலை ஆறு மணிக்கெல்லாம் அது எங்கள் மைதானத்துக்கு வந்துவிடுகிறது. ஷூ லேஸ் கட்டும்போதே பிள்ளைகளின் பேச்சு அதுதான்.

உங்களை வாய் திறக்காதீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. பேசுங்கள், உரக்கவே பேசுங்கள். யாரை நோக்கிப் பேசுகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

அமெரிக்காவில் மார்க் கியூபன் என்று ஒருவர். 2000-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணியை வாங்கி, 2023-இல் பெரும்பங்கை விற்கும்வரை நடத்தியவர். 2009 மார்ச்சில் டென்வர் அணியுடனான ஆட்டத்தில் நடுவர்கள் ஒரு தவறைக் கண்டும் காணாமல் விட்டார்கள் என்று ட்விட்டரில் எழுதினார். லீக்கை நடத்தும் என்பிஏ அமைப்பு 25,000 டாலர் அபராதம் போட்டது. ட்விட்டரால் யாருக்கும் வருமானம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது, என்பிஏ சம்பாதிக்கிறதே என்று அடுத்த பதிவையும் போட்டார் மனுஷன். 2020-இல் அட்லாண்டா ஆட்டத்தின் நடுவர்களைப் பற்றி மறுபடியும் பொரிந்து தள்ளியபோது அபராதம் 5,00,000 டாலராக ஏறியது. அவர் எழுதியதெல்லாம் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவர்களும் கூலிக்கு விசில் ஊதுகிறவர்கள்தான். ஆனால் அவர் மல்லுக்கு நின்றது தன்னைத் தண்டிக்கும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்போடு. பேசியதற்கு விலையைத் தன் பையிலிருந்து கொடுத்தார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன்.

நம் பக்கம் நடப்பது வேறு. சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு ஆண்டும் தடையில் இருந்தபோது தோனி புனே அணிக்குப் போனார். எங்கள் தெருக்களில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டே புனே ஆட்டத்தைப் பார்த்தார்கள். 2017-இல் அவரிடமிருந்த கேப்டன் பொறுப்பை ஸ்டீவ் ஸ்மித்துக்குக் கொடுத்தார்கள். அது நிர்வாகத்தின் உரிமை, அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் முதல் ஆட்டம் முடிந்த கையோடு, அணி உரிமையாளரின் அண்ணன் ஹர்ஷ் கோயங்கா ட்விட்டரில் எழுதினார்: காட்டுக்கு ராஜா யார் என்று ஸ்மித் காட்டிவிட்டார், தோனியை மொத்தமாக மறைத்துவிட்டார் என்ற பொருளில். ஜெயித்த நாளில், சொந்த அணிக்காரரை இறக்கி எழுத என்ன அவசியம் வந்தது? மே மாதம் முதல் தகுதிச் சுற்றில் தோனி 26 பந்தில் ஆட்டமிழக்காமல் 40 அடித்தார், புனே இறுதிப் போட்டிக்குப் போனது. தோனியால் அது முடிந்தது. உலகக் கோப்பை வாங்கிக்கொடுத்த பெயர் அவருக்குத் துணை நின்றது. நேற்று முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட 19 வயதுப் பையனுக்கு யார் துணை?

பதிவுகூட வேண்டியதில்லை. 2024 மே 8, ஹைதராபாத். லக்னோ எடுத்த 165 ரன்னை சன்ரைசர்ஸ் ஒரு விக்கெட்கூட விடாமல் 9.4 ஓவரில் தாண்டிவிட்டது. எல்லைக் கோட்டோரம் லக்னோ உரிமையாளர், அதே ஹர்ஷின் தம்பி சஞ்சீவ் கோயங்கா கையை வீசி வீசிப் பேசுகிறார், எதிரில் கேப்டன் கே.எல். ராகுல் நிற்கிறார். என்ன பேச்சு என்று ஒரு வார்த்தை காதில் விழவில்லை. இரண்டு பேரின் முகம் போதுமானதாக இருந்தது. விடிவதற்குள் அந்தக் காட்சி நாடு முழுக்கச் சுற்றிவிட்டது. பிறகு ராகுலை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார், கட்டிப்பிடித்த படம் வந்தது. அடுத்த ஆண்டு ராகுல் டெல்லிக்கு ஆடினார்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். இன்னொரு வீரரையோ நடுவரையோ பொதுவெளியில் குறை சொன்னால் கிரிக்கெட்டின் நடத்தை விதிப்படி வீரருக்குத் தண்டனை உண்டு. முதலாளியைப் பற்றி ஒரு வரி எழுதினால் அடுத்த ஏலத்தில் கையைத் தூக்க ஆள் இருக்குமா என்ற பயம் தனி. உங்கள் ஒரு பதிவுக்கு லட்சம் பேர் கைதட்டும்போது, பதில் சொல்ல முடியாத ஒருவர் ஹோட்டல் அறையில் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். இருபுறமும் ஆள் இருந்தால்தானே வாக்குவாதம்? இது வெறும் வசவு.

இது உங்கள் மட்டத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை என்றிருப்பேன். எங்கள் பக்கம் ஒரு ஏரியா டோர்னமென்ட். டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்தவர் ஒரு பெரிய மனிதர், செலவு முழுக்க அவருடையது, அதற்கு நன்றி உண்டு. அரையிறுதியில் தூறல். எங்கள் கோல்கீப்பர் பத்தாம் வகுப்பு படிக்கிறவன். உள்ளங்கை ரப்பர் உரிந்துபோன கிளவுஸ், மணிக்கட்டில் பட்டை நிற்காததால் எலக்ட்ரிக்கல் டேப் சுற்றியிருந்தான். நேராகக் கைக்கு வந்த பந்து நழுவி, கால் இடுக்கில் புகுந்து கோட்டைத் தாண்டியது. தோற்றோம். அன்றிரவே அந்தக் காட்சியை மட்டும் வெட்டி, பின்னணியில் வடிவேலு வசனம் போட்டு, டீமுக்குச் செலவு செய்தவரே ஸ்டேட்டஸ் வைத்தார். மேலே ஒரு வரி: "இவனை நம்பி காசு போட்டேன்."

பையன் பிராக்டிஸுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "எங்கம்மா வேலை செய்ற வூட்லகூட பாத்துட்டாங்க மாஸ்டர்" என்றான், வேறெதுவும் சொல்லவில்லை. கிளவுஸை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தான். ஸ்டேட்டஸ் வைத்தவரிடம் கேட்டதற்கு, "ஐபிஎல் ஓனர்லாம் போடலையா? நான் போட்டா தப்பா?" என்றார். எனக்கு வந்த அந்தக் கேள்வியை அப்படியே உங்களிடம் அனுப்புகிறேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

எத்தனை பேர் பார்த்துவிடப் போகிறார்கள் என்பதும் சமாதானம் ஆகாது. ஐபிஎல் தலைமைப் பொறுப்பில் இருந்த லலித் மோடி 2010 ஜனவரியில் நியூசிலாந்தின் முன்னாள் கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெய்ர்ன்ஸ் மீது மேட்ச் ஃபிக்ஸிங் பழி போட்டு 24 வார்த்தையில் ஒரு ட்வீட் போட்டார். இங்கிலாந்தில் அதை நேரடியாகப் பார்த்தவர்கள் சுமார் 65 பேர். லண்டன் உயர் நீதிமன்றம் 2012-இல் 90,000 பவுண்ட் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கெய்ர்ன்ஸுக்கு வழக்கறிஞர் இருந்தார்.

உங்கள் குரலுக்கு வேலை இல்லாமலா இருக்கிறது? 2025 ஜூலையில் ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. சம்பளம் வருமா, ஆட்டம் இருக்குமா என்று தெரியாமல் வீரர்கள் தவித்தார்கள். சுனில் சேத்ரியே தன் பக்கத்தில் வருத்தப்பட்டு எழுதினார். 2018-இல் பெங்களூரில் கோப்பையைத் தூக்கிய சென்னையின் எஃப்.சி. அணியில் இருந்த தனபால் கணேஷ் எங்கள் வியாசர்பாடிக்காரர். அவரைப் பார்த்துத்தான் இங்கே பாதிப் பேர் பந்தைத் தொட்டார்கள். அந்தக் கனவு இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக் நடத்துபவருக்கும் இடையிலான ஒப்பந்தச் சிக்கலில் மாட்டும்போது, கியூபன் மாதிரி விடாமல் எழுத வேண்டியவர்கள் நீங்கள். அபராதம் வந்தால் கட்டுங்கள். இந்த ஊர் உங்கள் பின்னால் நிற்கும்.

வடசென்னையைப் பற்றியும் எழுதுங்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் அடித்த காசிமா, இங்கே செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இங்கே திறமைக்குப் பஞ்சம் கிடையாது, இடத்துக்குத்தான். காலி இடமெல்லாம் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் செயற்கைப் புல் டர்ஃபாக மாறிவருகிறது, எங்கள் பிள்ளைகள் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். மாநகராட்சிக்கு நான் மனு எழுதினால் மேசையில் கிடக்கும். நீங்கள் ஒரு படம் போட்டால் மறுநாள் அதிகாரி வந்து நிற்பார்.

நான் கேட்பது ஒன்று. அடுத்த சீசன் வீரர் ஒப்பந்தங்களில், வீரர் எதைப் பதிவிடக் கூடாது என்று இருக்கும் இடத்துக்குக் கீழே, நிர்வாகத்துக்கும் ஒரு பிரிவைச் சேருங்கள்: உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ அணியின் எந்த வீரரையும் பெயரைச் சொல்லியோ காட்சியை வெட்டியோ பொதுவெளியில் குறை சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டியதை அறைக்குள் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு சொல்வார்கள். மீறினால் வீரருக்கு என்ன அபராதமோ அதே அபராதம். கையெழுத்துப் போட்டதும் அந்தப் பக்கத்தை உங்கள் கணக்கிலேயே வெளியிடுங்கள். அச்செடுத்து, எங்களுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்தவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து மாஸ்டர்,
வியாசர்பாடி, சென்னை