குழந்தைகள் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள்

எங்கள் ஊராட்சியின் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் வணக்கம்ங்க.

பல்லடம் பக்கத்தில் நான்கு ஊர்களில், படிப்பை விட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும், வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்கும், பதினாறு வயசிலேயே மாப்பிள்ளை பார்க்கப்படுகிற பெண்களுக்கும் துணை நிற்கிற வேலையை ஒருங்கிணைக்கிறவள் நான். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். டீச்சரம்மா என்று கூப்பிடுவீர்கள். நான் டீச்சர் இல்லை, ஓவர்லாக் டெய்லர். எங்களோடு சேர்ந்து உழைக்கிற மற்றவர்களும் தறி ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கல்லூரியில் படிக்கிற இரண்டு பேர், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது இதுதான்: ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். ஆதார் திருத்த, டி.சி. வாங்க, பேங்குக்கு, ஆஸ்பத்திரிக்கு, தேவைப்பட்டால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால், அந்த ஆள் கூடப் போக வேண்டும். யார் யாருக்குத் துணை, என்றைக்கு யாருக்கு ஷிப்ட் இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு எல்லோருக்கும் போன் போடுவதுதான் என் வேலை.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். 16 வயசு. பத்தாவது பாஸ் பண்ணியவன், அப்பா தவறியதும் பனியன் கம்பெனியில் கைமடிக்க, அதாவது டெய்லருக்குப் பீஸ் மடித்துக் கொடுக்க, சேர்ந்துவிட்டான். ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரைக்குப் போனால் திரும்பி வர இரவு ஒன்பதாகிவிடும். மறுபடியும் படிக்கிறேன்க்கா என்று அவனாகத்தான் வந்து கேட்டான். டி.சி.யில் ஒரு பெயர், ஆதாரில் வேறு மாதிரி, ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்துக்காக மூன்று நாள் லீவு போட்டு மூன்று நாள் சம்பளமும் போச்சு. நான்காவது தடவை நான் கூடப் போனேன். கவுண்டரில் இருந்தவர் அவனைப் பார்க்கவே இல்லை, "பையனுக்கு என்னங்க வேணும்?" என்று என்னைக் கேட்டார். நானே சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். சொல்லாமல் அவன் பக்கம் திரும்பினேன். அவன் பிளாஸ்டிக் கவரிலிருந்து பேப்பர்களை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தான். பீஸ் மடிக்கிற அதே பழக்கம். குரல் நடுங்கியது, ஆனாலும் முழுசாகப் பேசி முடித்தான். வெளியே வந்ததும் "அக்கா, நானே பேசிட்டனுங்க" என்றான். அவன் சொன்னதை நினைத்துக்கொண்டுதான் இந்த மடலையே எழுதுகிறேன்.

ஏனென்றால் உங்கள் குழுவில் அவனுக்கு ஒரு இடம் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் தலைமையில், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர், ஊர்ப் பெரியவர்கள், அவர்களோடு குழந்தைகளின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் குழுக்களையே அமைத்தார்கள். 2009-இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் வந்தபோதே எழுதி வைத்தது இது. நம் ஊரில் அந்த இரண்டு பேர் யார் தெரியுமா? எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிற இரண்டு பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் லைன் வீட்டில் என்ன நடக்கிறது, செக்கிங் டேபிளில் யாருக்கு எத்தனை வயசு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கூட்டம் போடுவதோ புதன்கிழமை காலை 11 மணிக்கு. வேலைக்குப் போகிற பிள்ளை எப்படி வரும்? அப்புறம், 2025 ஜனவரியில் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்ததிலிருந்து அந்தக் கூட்டமும் இல்லை. தீர்மான நோட்டு மட்டும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறது. என் கண்ணால் பார்த்தேன், பேக்கரியில் டீ கிளாஸை நோட்டுமேல் வைத்துவிட்டு ஒருவர் கையெழுத்துப் போட்டார். "பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதியிருந்த பக்கம் அது. அதே மாசத்தில் இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றிருந்தார்கள்.

இந்த வயசுப் பிள்ளைகள் ஒருத்தர் கணக்கிலும் வராமல் போவதற்குக் காரணம் இருக்கிறதுங்க. 14 வயசுக்குக் கீழே என்றால் வேலைக்கு வைக்கக் கூடாது. 14-லிருந்து 18 வரை அபாயகரமான வேலைக்கு மட்டும்தான் தடை என்று 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அதனால் பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற 15 வயசுப் பெண் ரெய்டிலும் வருவதில்லை, பள்ளி வருகைப் பதிவேட்டிலும் இல்லை. உதவிகளோ பள்ளிக்கூட வாசல் வழியாகவே வருகின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாசம் 1,000 ரூபாய். தமிழ்ப் புதல்வனை 2024 ஆகஸ்டில் நம்ம கோயம்புத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். அருமையான திட்டங்கள். பத்தாவதோடு நின்ற பிள்ளையை அந்த வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஊருக்குள் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே மனசு கனக்கிறது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டு நிறுத்தினோம். அந்தப் பெண்ணே எங்களிடம் வந்து கேட்டு நடந்தது அது. இரண்டாம் நாள், அவள் அதிகாரிகளோடு நிற்கிற போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது, போட்டவர் உங்கள் குழுவில் ஒருவர். பெருமைக்குத்தான் போட்டார், கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொண்ணு இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை, பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் பார்க்கிறாங்க என்று அழுதாள். விசாரணையில் இருக்கிற குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் போடுவோமா?

ஒடிசா, பீகாரிலிருந்து வந்து கோழிப்பண்ணையிலும் மில்லிலும் இருக்கிற குடும்பங்களைப் பற்றிப் பேசினால், "அவங்க நம்மூர்க்காரங்க இல்லீங்களே" என்று ஒரு பெரியவர் சொன்னார். பாதுகாப்பு தேவைப்படுகிற குழந்தைக்குச் சொந்த ஊர் எது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எங்களிடம் இந்தி பேசுகிற ஒரு அக்கா இருக்கிறார், கூட்டத்துக்கு அவரை நாங்கள் அனுப்புகிறோம்.

நான் கேட்பது இதுதான். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். தலைவர் நாற்காலி காலி என்றால், தனி அலுவலரிடம் கேட்டு அவர் பெயரில் கூட்டுங்கள். குழந்தைகளுக்கான அந்த இரண்டு இடத்தில் ஒன்றையாவது படிப்பை விட்ட பிள்ளைக்குக் கொடுங்கள். பேச்சு வராமல் அந்தப் பிள்ளை திணறினால் நாம் முந்திக்கொண்டு பேசாமல் கொஞ்சம் பொறுத்திருப்போம். எத்தனை பேர் படிப்பை விட்டார்கள், எத்தனை பேர் திரும்பச் சேர்ந்தார்கள் என்கிற எண்ணிக்கையை, பெயரே இல்லாமல், அடுத்த கிராம சபையில் வாசியுங்கள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் ஐந்து நிமிஷம் போதும்.

வருகிற ஞாயிறு ஐந்து மணிக்கு அங்கன்வாடியைத் திறந்து வைக்க டீச்சர் ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்ன பையன் வருகிறான், இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். பிசிறு வெட்டுகிற பெண் ஒருத்தியும் வருகிறாள். அவளுக்கு ஏழு மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும், அதனால் நேரத்துக்கு வந்துவிடுங்கள். தீர்மான நோட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.