ஆர்லாண்டோவின் தீம் பார்க், ஓட்டல் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி ஃபுளோரிடாவைக் குறுக்கே கடந்துபோன வாரத்தில், வயதான மாமனார் மாமியாரோடும் பள்ளி செல்லும் பிள்ளைகளோடும் உங்கள் ஊரில் மாட்டிக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் வீடு திரும்பினோம். அதற்கு உங்கள் ஊழியர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். நஷ்டஈடு கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் புயல்கால ரத்து விதியில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்களில் பெரிய நிறுவனங்களின் விதி ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. பயணி வந்து சேரவேண்டிய தேதிக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள், ஆர்லாண்டோ பகுதிக்கோ அவர் வசிக்கும் ஊருக்கோ தேசிய சூறாவளி மையம் 'எச்சரிக்கை' விடுத்திருந்தால், உங்கள் தரப்பு அபராதம் எதுவும் இல்லாமல் பயணத்தைத் தள்ளிப்போடலாம், ரத்தும் செய்யலாம். படிக்கும்போது தாராளமாகத்தான் தெரிகிறது. ஏழு நாள் அவகாசம் என்றால் யாருக்குத்தான் குறை தோன்றும்?

குறை அந்த 'எச்சரிக்கை'யில் இருக்கிறது. சூறாவளி மையம் முதலில் தருவது 'கண்காணிப்பு' அறிவிப்பு. புயற்காற்று வீசத் தொடங்குவதற்குச் சுமார் 48 மணி நேரத்திற்கு முன் அது வரும். 'எச்சரிக்கை' வருவது சுமார் 36 மணி நேரத்திற்கு முன். அதாவது ஒன்றரை நாள். அறிவியல் அவ்வளவுதான் உறுதியாகச் சொல்லும் என்பதால் மையம் அப்படி வைத்திருக்கிறது, அதில் தவறில்லை. ஆனால் மக்கள் கதவுக்குப் பலகை அடிக்க வேண்டிய நேரத்தைச் சொல்வதற்காக வகுத்த அளவுகோலை, குடும்பங்கள் விமானம் ஏறலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அளவுகோலாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வியாழக்கிழமை புயல் வரப்போகிறது என்றால், திங்கட்கிழமை வந்து சேரவேண்டியவர் என்ன செய்வார்? அவர் கிளம்பும் நேரத்தில் எச்சரிக்கை பிறந்திருக்காது. பிறக்கும்போது அவர் உங்கள் லாபியில் பெட்டியோடு நின்றுகொண்டிருப்பார். வந்து சேர்ந்துவிட்டவருக்கு அந்த விதியில் இடமே இல்லை.

மில்டன் வாரத்தை நாள்வாரியாகப் பாருங்கள். அக்டோபர் 5, சனிக்கிழமை, மெக்சிகோ வளைகுடாவில் உருவான புயலுக்கு மில்டன் என்று பெயர் வைத்தார்கள். அன்றே ஃபுளோரிடா ஆளுநர் பல கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) அவசரநிலை அறிவித்தார். மறுநாள் அந்தப் பட்டியல் 51 கவுண்டிகளாக நீண்டது. திங்களன்று மில்டன் மிக உயர்ந்த ஐந்தாம் வகைச் சூறாவளியாகி மணிக்கு 180 மைல் வேகத்தைத் தொட்டது. பார்க்குகள் மூடப்படும் என்ற அறிவிப்பு செவ்வாயன்றுதான் வந்தது. புதன் காலை 8 மணிக்கு ஆர்லாண்டோ விமான நிலையம் சேவையை நிறுத்தியது. அன்று இரவு மேற்குக் கரையில் சரசோட்டா அருகே சியஸ்டா கீயில் புயல் கரையைக் கடந்தது. வியாழன் பார்க்குகள் எல்லாம் மூடல். வெள்ளியன்று டிஸ்னி வேர்ல்டு மீண்டும் திறந்தது.

ஞாயிறன்று விமானம் ஏறிய குடும்பத்தின் நிலையை யோசியுங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி முழுக்க, புயல் போகக்கூடிய பாதையைக் காட்டும் அந்தக் கூம்பு வரைபடம். இரண்டு வாரம்கூட ஆகாத ஹெலீன் சூறாவளியின் இடிபாடுகளை இன்னும் அள்ளி முடிக்காத, மேற்குக் கரையின் டாம்பா பகுதியில் மறுபடியும் வெளியேறச் சொல்லும் பேச்சு. ஆனால் உங்கள் விதிப்படி அந்தப் புயல் இன்னும் பிறக்கவில்லை. பல விமான நிறுவனங்கள் கட்டணமின்றித் தேதியை மாற்றிக்கொள்ள விட்டன. விமானத்தை மாற்றலாம், அறையை மாற்ற முடியாது, பணம் போய்விடும். அதனால் அந்தக் குடும்பம் வந்தது. நாங்கள் வந்ததும் அப்படித்தான். அறையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டதற்கு, "எச்சரிக்கை வந்தால் கூப்பிடுங்கள்" என்று பதில் சொன்னார்கள். எங்களிடம் அப்படிச் சொன்ன ஓட்டலின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பதிலை உங்களில் பலரும் சொல்லியிருப்பீர்கள்; விதி அப்படி.

'பயணக் காப்பீடு எடுத்திருக்கலாமே' என்பீர்கள். புயலுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது எதிர்பார்த்த நிகழ்வு ஆகிவிடும். அதன்பின் எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது. காப்பீட்டு நிறுவனத்துக்குப் புயல் பெயர் வைத்த அன்றே வந்துவிடுகிறது, உங்களுக்கு ஒன்றரை நாள் முன்புதான் வருகிறது. நடுவில் கிடக்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு?

விதி இருந்தாலும் நெருக்கடி நேரத்தில் நீங்கள் வளைந்து கொடுக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தொலைபேசியில் நீண்ட நேரம் காத்திருந்து, கெஞ்சியும் வாதாடியும் பேசத் தெரிந்தவர்களுக்கு விதி தளர்கிறது. ஆங்கிலத்தில் அடித்துப் பேசத் தெரியாதவர்கள் விதியில் உள்ளபடியே இழக்கிறார்கள். கேட்டவனுக்கு ஒரு நீதி, கேட்காதவனுக்கு ஒரு நீதி என்பதை விட எழுத்தில் ஒரு நல்ல விதி மேல்.

சரி, எச்சரிக்கை வேண்டாம், வேறு எதை வைப்பது? உங்கள் பார்க்குகளும் ஓட்டல்களும் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியோ ஒசியோலா கவுண்டியோ ஆளுநரின் அவசரநிலை அறிவிப்பில் சேர்ந்த அந்த நிமிடத்தை வையுங்கள். 2017-இல் இர்மா சூறாவளி கரையைத் தொட்டது செப்டம்பர் 10. அவசரநிலை அறிவித்தது செப்டம்பர் 4. 2022-இல் இயன் கரையைக் கடந்தது செப்டம்பர் 28. மாநிலம் முழுவதற்கும் அவசரநிலை அறிவித்தது 24. மில்டனுக்கும் நான்கு நாள் கிடைத்தது. அந்த அறிவிப்பு வந்த கணத்திலேயே ஃபுளோரிடாவின் கொள்ளை விலைத் தடைச் சட்டம் செயலுக்கு வருகிறது. தண்ணீர், பெட்ரோல், ஓட்டல் அறை எதையும் அநியாய விலைக்கு விற்கக் கூடாது. மாநிலச் சட்டமே அன்றைய நாளை நெருக்கடியின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் ரத்து விதிக்கு மட்டும் ஏன் வேறு நாள்காட்டி?

பொய் எச்சரிக்கை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 1999-இல் டிஸ்னி வேர்ல்டு தன் வரலாற்றில் முதல்முறையாகப் புயலுக்காக மூடியது. ஃப்ளாய்டு என்ற அந்தப் புயல் ஃபுளோரிடாவில் கால்வைக்காமல் வட கரோலினாவுக்குப் போய்விட்டது. 2019-இல் டோரியனும் அப்படியே போக்குக் காட்டிவிட்டு வடக்கே நகர்ந்தது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் எல்லோரும் ரத்து செய்தால் செப்டம்பர் மாதமே உங்களுக்கு இருக்காது. மில்டனும் ஹெலீனும் சேர்ந்து சுமார் 12 கோடி டாலர் பாதிப்பை ஏற்படுத்தியதாக டிஸ்னி நிறுவனமே தன் காலாண்டு அறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதனால்தான் நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அவசரநிலை வந்தால் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ள விடுங்கள். எச்சரிக்கை வந்தால் இப்போது போலவே முழு ரத்து. பணம் உங்களிடமே இருக்கட்டும், நாங்கள் வேறு மாதத்தில் வருகிறோம்.

இதில் உங்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது, உங்களைவிட அதிகமாக டாம்பாக்காரர்களுக்கு இருக்கிறது. ஆர்லாண்டோ கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால், கரையோரத்தில் வெளியேற்றம் என்றதும் ஐ-4 நெடுஞ்சாலை வழியாகக் கார்கள் உங்கள் பக்கம்தான் வருகின்றன. மில்டன் வாரத்தில் நாங்கள் இருந்த ஓட்டலின் லாபியைப் பார்த்தேன். ஒரு பக்கம் மிக்கி காது வைத்த தலைப்பட்டையோடு பிள்ளைகள். இன்னொரு பக்கம் நாய்க் கூண்டையும் புகைப்பட ஆல்பங்கள் நிறைந்த பிளாஸ்டிக் பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு சரசோட்டாவிலிருந்து வந்த முதிய தம்பதி. அவர்களுக்கு அறை இல்லை. வராமலே இருந்திருக்கக்கூடிய எங்களைப் போன்றவர்கள் அந்த அறைகளை நிரப்பியிருந்தோம், விருப்பத்தோடு இல்லாமல், பணம் போகுமே என்ற பயத்தில். தேதி மாற்றம் நான்கு நாள் முன்பே கிடைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு சாவி கிடைத்திருக்கும்.

உள்ளே இருப்பதால் ஆர்லாண்டோ பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி டாம்பாவுக்குப் போகும் என்று எதிர்பார்த்திருந்தபோது, சட்டென்று திரும்பி புன்டா கோர்டா பக்கம் நான்காம் வகைச் சூறாவளியாகக் கரையேறி, நேராக ஆர்லாண்டோவைத் தாக்கியது. டாம்பாவிலிருந்து தப்பி ஆர்லாண்டோவுக்கு வந்தவர்கள்தான் புயலின் பாதையில் மாட்டினார்கள். கூம்பு வரைபடம் புயலின் மையம் எங்கே போகலாம் என்று மட்டுமே சொல்கிறது. காற்றும் மழையும் கூம்புக்கு வெளியேயும் பாயும். மில்டன் மேற்குக் கரையைத் தொடுவதற்குச் சில மணி நேரம் முன்பே, கிழக்குக் கரையின் செயின்ட் லூசி கவுண்டியில் சுழற்காற்று ஆறு பேரைக் கொன்றது.

இனி, உள்ளே அடைபட்டுக் கிடப்பவர்களைப் பற்றி.

எங்களுக்கு ஒன்பதாம் மாடி. கதவுக்கடியில் ஒரு தாள் வந்தது: காற்று பலமானதும் லிஃப்ட் நிறுத்தப்படும், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் நடைபாதை விளக்குகளுக்கு மட்டும் ஓடும், அறையை விட்டு வெளியே வராதீர்கள். நடுவழியில் யாரும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று லிஃப்டை நிறுத்துவது சரியான முடிவு. ஆனால் முட்டிவலியால் ஒரு மாடிகூட இறங்க முடியாத மாமனார் ஒன்பதில் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அதே ஓட்டலில் இரண்டாம் மாடியில் இளைஞர் கூட்டம் ஒன்று தங்கியிருந்தது. கேட்டிருந்தால் மகிழ்ச்சியாக மாறியிருப்பார்கள்; உயரத்திலிருந்து புயலைப் படம் பிடிக்கக் கிடைத்த வாய்ப்பு! மாலையில் சுழற்காற்று அபாயம் என்று எல்லா அலைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. சன்னல் இல்லாத இடத்துக்குப் போகச் சொன்னார்கள். குளியலறைத் தரையில் தலையணைகளைப் பரப்பி மாமனாரை உட்காரவைத்தோம். மாமியார் அந்த அலறலைத் தீ அபாயம் என்று நினைத்துப் படிக்கட்டுக்கு ஓடப் பார்த்தார். அவருடைய இன்சுலினுக்காகப் பனிக்கட்டி எந்திரத்திலிருந்து வாளி வாளியாக அள்ளிவைத்தது என் மகளின் யோசனை; பக்கத்து மருந்துக்கடைகள் முந்தின நாளே அடைத்துவிட்டன.

இதற்கெல்லாம் பெரிய செலவு வேண்டாம். புயல் வருவது உறுதியான அன்றே ஒவ்வோர் அறைக்கும் ஒரு தொலைபேசி: படியிறங்க முடியாதவர் உண்டா, குளிரில் வைக்கவேண்டிய மருந்து உண்டா, ஆங்கிலம் தெரியாதவர் உண்டா? ஆபத்துக்காலத்தில் அறைகளைச் சட்டென மூடி ஆட்களை இடம் மாற்ற உங்களுக்குத் தெரியும். மில்டனுக்கு முன் டிஸ்னி தன் ஃபோர்ட் வில்டர்னெஸ் முகாமையும் மர வீடுகளையும் காலி செய்து அங்கிருந்தவர்களை அப்புறப்படுத்தியது. மரக்குடிலுக்குச் செய்வதை முட்டிவலிக்கும் செய்யலாம்.

ஊழியர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். புயல் முடியும்வரை வீட்டுக்குப் போகாமல் தங்கிப் பணிபுரியும் குழு உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. எங்களுக்கு உணவுப் பொட்டலம் கொண்டுவந்த பெண்ணுக்குக் கிசிமியில் வீடு. இயன் வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிய தெருவாம். கூட்ட அறையில் காற்று மெத்தை போட்டுத் தூங்கிவிட்டு, ஒன்பது மாடியையும் படியேறி வந்து, 'குழந்தைகளுக்குப் பழச்சாறு போதுமா' என்று கேட்டார். அவர் வீட்டில் அப்போது யார் இருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வரவேண்டாத விருந்தினர் குறைந்தால் இப்படித் தங்கவேண்டிய ஆட்களும் குறைவார்கள். அவர்களில் பாதிப்பேராவது அன்றிரவு தங்கள் வீட்டுச் சன்னலைத் தாங்களே அடைத்திருப்பார்கள்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இலையுதிர்காலப் பள்ளி விடுமுறைக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு, கூட்டமும் விலையும் குறைவு என்று செப்டம்பர் அக்டோபரில் ஆர்லாண்டோவுக்கு முன்பதிவு செய்யும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி என்பதை உங்கள் விளம்பரங்கள் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே அனுப்புகிறேன்.

அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பதில் சொல்லுங்கள். அவசரநிலை அறிவிப்பு வந்தால் தேதி மாற்றம் தருவீர்களா, மாட்டீர்களா? மாட்டோம் என்றாலும் அதை முன்பதிவுப் பக்கத்திலேயே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, இதே எழுத்தளவில் போடுங்கள். படித்துவிட்டு நாங்கள் முடிவெடுத்துக்கொள்கிறோம்.