ரான்ஃப்ட் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தேன்

லூசர்ன்,
28 செப்டம்பர்

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

ஆனியில் நீர் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பாசையூர் அந்தோனியார் திருநாளன்று சின்னவன் என் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, அது கணுக்கால் வரை தொங்க, சுரூபத்துக்குப் பின்னால் நடந்தான் என்று எழுதியிருந்தீர். அதைப் படித்த பிறகு பேனை எடுக்க மனம் வரவில்லை. வேறு காரணம் ஒன்றுமில்லை. நான் சுகம். குளிர் இன்னும் தொடங்கவில்லை. பழைய சப்பாத்தே இந்த வருடத்துக்கும் போதும்.

ஞாயிற்றுக்கிழமையில் உடுப்புத் தோய்த்தால் கதவைத் தட்டிச் சண்டைக்கு வருவாரே கீழ்வீட்டுக் கிழவி, அவர்தான் போன ஞாயிறு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வீட்டுச் சுவரில் மெலிந்த தாடிக்காரர் ஒருவரின் படம் இருக்கிறது. புரூடர் கிளாவுஸ், அதாவது சகோதரர் கிளாவுஸ், என்று சொந்த அண்ணனைச் சொல்வதுபோலச் சொல்வார். ஃபுளூவின் புனித நிக்கலாஸ். சாக்ஸெல்ன் வரை ரயில், பிறகு பஸ். வழியில் அவர் பாணும் சீஸும் தந்தார். நீர் அனுப்பிய மாசிச் சம்பலில் மிச்சமிருந்ததை நான் கொடுத்தேன். கண்ணீர் வழிய வழிய முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

அந்தப் புனிதர் முதலில் துறவியல்லர். வயலும் மாடும் ஊரில் நீதவான் பதவியும் இருந்த மனிதர். மனைவி டொரத்தேயா, பத்துப் பிள்ளைகள். 1467 ஒக்டோபர் 16 அன்று, 50 வயதில், மனைவியிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஒரு வயதுகூட இல்லை. தூர தேசம் போகத்தான் கிளம்பினார். லீஸ்டாலில் கண்ட காட்சி அவரைத் திருப்பிவிட்டது. திரும்பியும் வீட்டுக்குள் போகவில்லை. கீழே ரான்ஃப்ட் பள்ளத்தாக்கில், ஆற்றோரம், சிறு அறை ஒன்றில், தலையணைக்கு ஒரு கல்லோடு 1487இல் சாகும்வரை இருந்தார். 19 ஆண்டுகளுக்கு மேல் நற்கருணையைத் தவிர எதுவும் உண்ணவில்லை என்கிறார்கள். நம்பாத அதிகாரிகள் ஒரு மாதம் காவல் போட்டு, யாரும் சாப்பாடு கொண்டுபோகிறார்களா என்று பார்த்தார்களாம்.

1481இல் ஸ்டான்ஸ் என்ற ஊரில் கூடிய சுவிஸ் மாநிலத்தார் தங்களுக்குள் போர் செய்யும் நிலைக்கு வந்தபோது, பங்குக் குருவானவர் ஒருவர் இரவோடிரவாக இவரிடம் ஓடிவந்து ஆலோசனை கேட்டுப் போனார். சமாதானம் உண்டானது. நமக்கு ஓடிப்போய்க் கேட்க அப்படி ஒருவரும் இல்லாமல் போனாரே என்று அங்கே நெடுநேரம் நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் என் மனதைப் பிடித்துக்கொண்டது அந்த அறையல்ல. மேலே அவருடைய வீடு இன்னும் நிற்கிறது. வீட்டிலிருந்து அறைக்கு நடக்கக் கால் மணி நேரம்கூடத் தேவையில்லை. டொரத்தேயா நினைத்தால் இறங்கிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். நான் வெளிக்கிட்ட அன்று நீர் கைக்குழந்தையோடு படலையடியில் நின்றீர். ‘போய்வாருங்கள்’ என்று நீர்தான் சொன்னீர். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன். டொரத்தேயா சொன்ன ‘சரி’ எவ்வளவு பாரமானது என்று அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது. 1947இல் நிக்கலாஸைப் புனிதராக அறிவித்தார்கள். டொரத்தேயாவை அறிவிக்கவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஸ்டெல்லா. உமக்காக அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

இனி வீட்டு விஷயம். மாமியின் கண் ஒப்பரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த மாதம் அனுப்பிய காசு குறைவுதான். வேலை நேரம் மாறியிருக்கிறது, விரைவில் சரிவரும். சீட்டுக் காசுக்கு அக்காவிடம் கேளும், நான் அவருக்குத் தனியே எழுதுகிறேன். மூத்தவளின் கணக்கு வகுப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதேயும். கிழக்கு வேலி அடைக்க முன்னர் சித்தப்பாவைக் கூப்பிட்டு எல்லைக்கல்லைக் காட்டும்.

சின்னவனின் காலை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு கீறி அனுப்பும். சப்பாத்து வாங்க எனக்கு அளவு தெரியவில்லை.

அன்புடன்,
உம்முடைய யேசுதாசன்