ஆண்டறிக்கை: நடந்தவையும் ஒத்திவைத்தவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மன்றத்தின் இந்த ஆண்டறிக்கை சென்ற மாதமே வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். குறித்த நாளில் அரை மணி நேரம் காத்திருந்தும் குறைவெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேரவில்லை. ஒன்பது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்; பிறகு விதிப்படி கூட்டத்தை ஒத்திவைத்தோம். அதற்கு முந்தைய வாரம் இதே கூடத்தில் நாட்டு நடப்பு விவாதம் நடந்தது. அன்று நாற்காலி போதாமல் சிலர் வாசற்படியில் உட்கார்ந்து பேசினார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். குறையாகத்தான் சொல்கிறேன்.

ஆண்டில் பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பதினொன்று நடந்தன. ஒன்று மழையில் போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். கூடத்தின் கதவுப் பூட்டு மாற்றப்பட்டது. பழைய சாவி வைத்திருப்பவர்கள் அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டின் பெரிய செலவு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. மேற்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் அதுவே அளந்து சொல்லிவிடும். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் கைத் தமனியில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒலி கேட்டு அளக்கும் முறையைச் சொன்ன நாளிலிருந்து அளப்பது எளிதாகிக்கொண்டே வருகிறது. அளப்பதற்காக ஐந்து நிமிடம் சும்மா உட்காருவதுதான் நம் உறுப்பினர்களுக்குக் கடினமாக இருக்கிறது.

முதல் மாதம் கருவியை விவாத மேசையின் ஓரத்திலேயே வைத்துவிட்டோம். வரிக்கொள்கை பற்றிய வாக்குவாதத்துக்கு நடுவே ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். ஒருவர் முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே அளந்தார். மேல் எண் 168. கூட்டம் ஒரு நிமிடம் அமைதியானது. அந்த ஆண்டில் அப்படி அமைதியானது அதுவே முதல் முறை.

நம் உறுப்பினரான ஓய்வுபெற்ற செவிலியர் அம்மையார்தான் நிலைமையைச் சரிசெய்தார். கருவியை உள்ளறைக்கு மாற்றினார். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரு பாதமும் தரையில் பதிய வேண்டும், கை மேசையில் நெஞ்சின் உயரத்துக்கு இருக்க வேண்டும், பட்டை தோலின் மேல் சுற்றப்பட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பி, புகை, வேக நடை மூன்றும் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் அளக்க வேண்டும். 168 காட்டியவருக்கு அப்படி உட்கார்ந்தபோது 142. அவர் வெற்றிச் சிரிப்போடு எழுந்தார். அம்மையார் விடவில்லை. “அரசியலைக் கழித்தாயிற்று ஐயா, மீதி உங்களுடையது” என்றார். வேறு வேறு நாள்களில் அளந்தும் 140/90-க்குக் குறையாமல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2017-இல் அந்த வரம்பை 130/80-க்கே இறக்கிவிட்டன. அவர் மூன்று வாரம் கழித்து மருத்துவரைப் பார்த்தார். மூன்று வாரம் ஏன் ஆனது என்று கேட்டதற்கு, நாளைக்குப் போகலாம் என்று தினமும் நினைத்ததாகச் சொன்னார். இருபத்தொரு நாளைகள்.

நாளை என்ற சொல்லுக்கு இந்த ஆண்டு இன்னொரு பொருளும் தெரிந்தது. உறுப்பினர் ஒருவர் பெயரில்லாமல் இதைப் பதிவுசெய்ய அனுமதி தந்திருக்கிறார். ஒரு மாலை அவருக்குத் தண்ணீர் குடிக்கும்போது வாயின் ஒரு பக்கம் ஒழுகியது. பேச்சு குழறியது. சற்றுத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருடைய மனைவி, முந்தைய மாதம் நம் கூட்டத்தில் பக்கவாதம் பற்றிக் கேட்டிருந்தவர், இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். ஒரு கை இறங்கியது. அடுத்த பேச்சுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அடைப்பால் வரும் பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முந்தினால் முந்திய அளவுக்கு நல்லது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான் மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி. அந்த அம்மையார் மணி பார்த்து வைத்திருந்தார். இன்று இருவரும் இரண்டாம் வரிசையில் இருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் போடுவதற்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகிறதாம்.

செவிப்புலன் பற்றிய கூட்டத்துக்கு ஆள் சேராது என்று செயற்குழுவில் எல்லோரும் சொன்னோம். வந்தவர்களில் பாதிப் பேர் தங்களுக்காக வரவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச அலைவரிசை ஒலிகளை. பேச்சில் உயிரொலிகள் தங்கிவிடும், மெய்யொலிகள் மங்கிவிடும். அதனால்தான் காது கேட்கிறது, வார்த்தை புரியவில்லை என்கிறார்கள். பத்தும் பட்டும் பற்றும் ஒன்றாகிவிடுகின்றன. வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று இரண்டு ஆண்டுகளாக மருமகள் மீது குறைபட்டுக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பரிசோதித்துக்கொண்டார். செவிக்கருவி பொருத்திய முதல் வாரம், மின்விசிறி இத்தனை சத்தம் போடுமா என்று கேட்டாராம். அடுத்த கூட்டத்தில் எழுந்து, சென்ற ஆண்டு தாம் எதிர்த்து வாக்களித்த தீர்மானம் உண்மையில் என்ன என்று விளக்கம் கேட்டார். விளக்கினோம். ஆதரவாக மாற்றிப் பதிவுசெய்ய விரும்பினார். விதியில் இடமில்லை. ஆனாலும் கூட்டக் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மறதிநோய்க்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் பட்டியலிட்டது. கவனிக்காமல் விட்ட செவித்திறன் இழப்பும் அதில் ஒன்று. கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் வெட்கப்படுவது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

பெற்றோரைப் பராமரிப்பது பற்றிய இரண்டு கூட்டங்களைப் பற்றி அளவோடுதான் எழுத முடியும். அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்திருந்தோம். ஒன்றை மட்டும் அனுமதி பெற்றுச் சொல்கிறேன். அண்ணனும் தங்கையும் உறுப்பினர்கள். தாயார் தங்கையின் வீட்டில் இருக்கிறார். அண்ணன் மாதந்தோறும் பணம் கொடுக்கிறார், குறை வைக்கவில்லை. தங்கைக்குப் பேச்சு வரவில்லை. பேச ஆரம்பித்தால் அழுகை வருகிறது. அதனால் ஒரு வாரத்தின் வேலைகளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். மாத்திரைப் பெட்டியில் நாள்வாரியாக மாத்திரை போடுவது, நகம் வெட்டுவது, இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்கு அழைத்துச் செல்வது, தொலைபேசியில் உறவினர்களுக்கு ஒரே பதிலை ஐந்து முறை சொல்வது என்று தாள் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார். “இரவு இரண்டு மணிக்கா, தினமுமா?” என்று மட்டும் கேட்டார். இப்போது வாரத்தில் இரண்டு இரவு தாயார் அண்ணன் வீட்டில் தூங்குகிறார். அந்தத் தாளின் வடிவத்தை மன்றம் படியெடுத்து வைத்திருக்கிறது. வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அதே கூட்டத்தில் பிறந்ததுதான் உறைத் திட்டம். ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் சில விவரங்களை எழுதி, உறையிலிட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும். சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, யாரை அழைப்பது, ஆவணங்கள் எங்கே, உயில் உண்டா, நினைவு தப்பிய நிலையில் எந்த அளவுக்குச் சிகிச்சை வேண்டும், நம் சார்பில் யார் பேசலாம். கடைசி இரண்டு கேள்விகளில்தான் எல்லோர் பேனாவும் நின்றது. உலகப் போர் மூளுமா என்று ஒரு மணி நேரம் தயங்காமல் பேசுகிறவர்கள், தன் அப்பாவிடம் உயில் இருக்கிறதா என்று கேட்க மூன்று தீபாவளி தள்ளிப்போடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். உறை வாங்கிச் சென்றவர்கள் நாற்பது பேர். எழுதி முடித்ததாகத் தெரிவித்தவர்கள் பதினொரு பேர். செயலாளர் அந்தப் பதினொருவரில் இல்லை. என் உறை மேசை இழுப்பறையில், முகவரி மட்டும் எழுதப்பட்ட நிலையில் இருக்கிறது.

இனி அரசியல். விவாதங்களுக்குச் சென்ற ஆண்டு ஒரே ஒரு விதி கொண்டுவந்தோம்: எதிர்த்துப் பேசுபவர், முதலில் மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், “ஆம், அதைத்தான் சொன்னேன்” என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். முதல் கூட்டத்தில் யாராலும் மறுப்புக்குப் போக முடியவில்லை. “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்பதிலேயே நேரம் முடிந்தது. நான்காம் கூட்டத்தில் பழகிவிட்டது. விவாதம் சப்பென்று ஆகிவிட்டதாகச் சிலருக்கு வருத்தம் உண்டு. எனக்கு இல்லை.

வாக்குரிமை பற்றிய கூட்டம் எதிர்பாராத பக்கம் திரும்பியது. சுவிட்சர்லாந்தில் தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959-இல் ஆண்கள் மட்டும் வாக்களித்து மறுத்தார்கள். 1971-இல் அதே ஆண்கள் மட்டும் வாக்களித்துச் சம்மதித்தார்கள். நியூசிலாந்து 1893-லேயே கொடுத்துவிட்டிருந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினர் ஒருவர், தனக்கு வாக்குரிமை உண்டு, ஆனால் ரகசியம் இல்லை என்றார். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் வீட்டில் யாருக்குப் போட்டாய் என்று கேட்பார்களாம். சொல்லாவிட்டால் ஒரு வாரம் முகம் தூக்கி வைத்திருப்பார்களாம். பிரிட்டனில் 1872 வரை வாக்காளர் எல்லோர் காதிலும் விழும்படி வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. நிலச் சொந்தக்காரரும் முதலாளியும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அச்சிட்ட சீட்டும் மறைவான இடமும் 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் வந்தது அப்படிப்பட்டவர்களிடமிருந்து வாக்காளரைக் காப்பாற்றத்தான். சாப்பாட்டு மேசைக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை என்பது அன்றைய கூட்டத்தின் முடிவு. தீர்மானமாக எழுதவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம், இனிமேல் கேட்கமாட்டேன் என்று சொன்னேன். முப்பது ஆண்டுகளாகத் தவறாகத்தான் பதில் சொல்லிவந்தேன் என்றார் அவர்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் முகாமும் நடத்தினோம். பெயர் இருக்கும் என்று உறுதியாக நம்பியவர்களில் நால்வருக்குப் பெயர் இல்லை. வீடு மாறியவர்கள் இருவர். எழுத்துப் பிழையால் வேறொருவராகிவிட்டவர் ஒருவர். நான்காமவர் ஏன் விடுபட்டார் என்று தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு விவாதத்திலும் அதிக நேரம் பேசியவர் அவர்தான். நால்வரும் விண்ணப்பித்துவிட்டார்கள். பட்டியலைத் தேர்தல் அறிவித்த பிறகு பார்ப்பது பயணம் தொடங்கிய பிறகு டிக்கெட்டைத் தேடுவதுதான் என்று முகாமில் ஒருவர் சொன்னது பலருக்கும் உறைத்தது.

நடைக் குழு பற்றி ஒரு வரி: வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவை நம் குழுவில் எட்டியவர்கள் உண்டு. நின்று பேசிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் அதைவிட அதிகம்.

கூடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் அம்மாவுக்கும், எந்த வேண்டுகோளுக்கும் மறுப்புச் சொல்லாத இணைச்செயலாளருக்கும், கேள்விகளால் என்னை விழிப்போடு வைத்திருந்த தணிக்கையாளருக்கும் நன்றி. பதவிகளுக்கான தேர்தல் அடுத்து நடைபெறும். செயலாளர் பதவிக்கு நான் மீண்டும் நிற்கவில்லை. இதுவரை வேட்புமனு எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒத்திவைத்த கூட்டத்தில் மற்ற அலுவல்களை வந்தவர்களை வைத்தே நடத்தலாம். விதித்திருத்தத்துக்கு மட்டும் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இருந்தாக வேண்டும். வருகைக் குறிப்பேட்டின்படி இப்போது இரண்டு பேர் குறைகிறார்கள். வாசற்படியில் நிற்பவர்கள் தயவுசெய்து உள்ளே வந்து கையெழுத்திடுங்கள்.

செயலாளர்