1958 ஜனவரி 9 அன்று நீங்கள் நிறைவேற்றிய ஒழுங்குவிதி பற்றி

சீனத் தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1958-ஆம் ஆண்டு ஜனவரி 9 அன்று உங்கள் நிலைக்குழு குடும்பப் பதிவு ஒழுங்குவிதியை நிறைவேற்றியது. கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர நினைப்பவர் நகரத் தொழிலாளர் துறையின் வேலைச் சான்றோ, பள்ளிச் சேர்க்கைச் சான்றோ, நகரப் பதிவு அலுவலகத்தின் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும் என்கிறது அதன் பத்தாவது பிரிவு. ஹுகோ என்று உங்கள் மக்கள் அழைக்கும் பதிவுமுறையின் சட்ட அடித்தளம் இன்றுவரை அதுதான். அதை நீக்கிவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் உங்கள் நாட்டுக் குடிமகன் அல்லன். உங்கள் நாட்டின் வரலாற்றை நீண்ட காலமாகப் படித்துவரும் ஒரு தமிழ் வாசகன். ஒழுங்குவிதிகளை மறுஆய்வு செய்யும்படி உங்களிடம் முறையிடும் உரிமை சீனக் குடிமக்களுக்குச் சட்டப்படி உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தி வெற்றியும் கண்ட ஒருவர் இன்று சிறையில் இருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த விதி பிறந்தபோது 1954-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் நடைமுறையில் இருந்தது. குடிமக்களுக்கு வசிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் இடம்பெயரும் சுதந்திரமும் உண்டு என்று அதன் 90-ஆவது உறுப்பு தெளிவாகச் சொன்னது. முரண்பாடு அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் லுவோ ரெய்ச்சிங், இரண்டுக்கும் இடையே முரண்பாடு இல்லை என்று உங்கள் குழுவின் முன் தனியாக விளக்கம் தர வேண்டியிருந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1975-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தில் அந்தச் சுதந்திரமே எடுக்கப்பட்டுவிட்டது. 1982-இல் புதிய அரசியல் சட்டம் எழுதியவர்கள் பண்பாட்டுப் புரட்சிக் காலத்துத் தவறுகள் பலவற்றைத் திருத்தினார்கள். இந்த ஒரு வரியை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை.

விதி வந்த ஆண்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதே 1958-இல்தான், தொழிலையும் விவசாயத்தையும் ஒரே வீச்சில் பெருக்க மாவோ நடத்திய பெரும் பாய்ச்சல் இயக்கம் தொடங்கியது. அடுத்த மூன்று ஆண்டுப் பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டார்கள். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தானியத்தை விளைவித்த விவசாயிகளே. நகரப் பதிவு உள்ளவருக்கு அரசின் பங்கீட்டுத் தானியம் குறைவாகவேனும் கிடைத்தது. கிராமப் பதிவு உள்ளவருக்கு அது இல்லை. ஹெனான் மாகாணத்தின் சின்யாங் பகுதியில், பசி தாங்காமல் ஊரை விட்டுப் புறப்பட்டவர்களைச் சாலைகளில் காவல் போட்டுத் தடுத்தார்கள். அதன்பின் 1961 முதல் 1963 வரை, நகரங்களில் தானியச் சுமையைக் குறைக்க ஏறத்தாழ 2 கோடிப் பேர் கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹுகோவை ஒரு நிர்வாகப் பதிவேடு என்று மட்டும் சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைப் படிக்க வேண்டும். யார் உண்பது, யார் பட்டினி கிடப்பது என்பதை அந்தப் பதிவேடு தீர்மானித்திருக்கிறது.

சீர்திருத்தக் காலத்தில் பிடி தளர்ந்தது உண்மை. 1984-இல், தங்கள் தானியத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டால் சிற்றூர்ச் சந்தை நகரங்களில் குடியேறலாம் என்று விவசாயிகளுக்கு அனுமதி தரப்பட்டது. தொண்ணூறுகளில் தானியக் கூப்பன்கள் மறைந்தன. குவாங்தோங் மாகாணத்தின் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள்; சிச்சுவானிலிருந்தும் ஹுனானிலிருந்தும் குய்சோவிலிருந்தும் இளைஞர்கள் ரயில் ஏறினார்கள். உழைக்க வரலாம், ஆனால் குடியேறக் கூடாது என்பதே அவர்களுக்குச் சொல்லப்படாமல் சொல்லப்பட்ட நிபந்தனை. தற்காலிக வசிப்பிட அனுமதிச் சீட்டு கையில் இல்லாமல் பிடிபட்டவர்களை, 1982-ஆம் ஆண்டின் காவலில் வைத்துத் திருப்பி அனுப்பும் விதியின் கீழ் அடைத்துவைத்தார்கள்.

2003 மார்ச் 17 அன்று இரவு, குவாங்சோ நகரில் சுன் ஜிகாங் என்ற 27 வயது வடிவமைப்பாளர் இணைய மையத்துக்குப் போக வெளியே வந்தார். ஹூபெயிலிருந்து வந்த பட்டதாரி. வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அனுமதிச் சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள், மார்ச் 20 அன்று, அடித்த காயங்களோடு அவர் இறந்துபோனார். ஏப்ரல் 25 அன்று குவாங்சோவின் ஒரு நாளிதழ் துணிந்து செய்தியை வெளியிட்டது, நாடே கொதித்தது. மே மாதம் சூ ஜியோங், தெங் பியாவ், யூ ஜியாங் என்ற மூன்று இளம் சட்ட அறிஞர்கள் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உடல் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரம் பேரவை இயற்றும் சட்டத்துக்கு மட்டுமே உண்டு, அரசவை என்ற உங்கள் நாட்டு அமைச்சரவை பிறப்பிக்கும் விதிக்கு இல்லை என்பதே அவர்களுடைய வாதம். ஜூன் 20 அன்று அரசவை அந்த விதியை முழுவதுமாகக் கைவிட்டது. ஐந்தே வாரங்கள்!

உங்கள் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பக்கங்களில் இது ஒன்று. ஒரு நாடு தன் தவறான விதியைத் தன் குடிமக்களின் வாதத்தைக் கேட்டு விலக்கிக்கொண்டது. ஆனால் விலகியது காவல்தான். காவலுக்குக் காரணமாக இருந்த பதிவுமுறை அப்படியே நின்றது.

அது இன்று யாரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பதை உங்கள் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே சொல்கிறது. பதிவு உள்ள ஊரை விட்டு வேறிடத்தில் வாழும் இடம்பெயர் மக்கள் 37 கோடியே 58 லட்சம் பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் நகரங்களில் வாழ்கிறார்கள்; நகரப் பதிவு பெற்றவர்களோ 45 சதவீதத்தினர்தான். அந்த இடைவெளியில் இருப்பவர்கள் உங்கள் மேம்பாலங்களையும் சுரங்க ரயில்களையும் கட்டியவர்கள், உணவுப் பொட்டலங்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், முதியோரைக் கவனித்துக்கொள்பவர்கள். பெய்ஜிங்கில் மட்டும் 84 லட்சம் பேர் வெளியூர்ப் பதிவோடு வாழ்கிறார்கள். விண்ணப்பிப்பவரின் தகுதிகளுக்குப் புள்ளிகள் இட்டுப் பதிவு தரும் முறையை அந்நகரம் 2018-இல் தொடங்கியது; அதில் ஆண்டுக்குச் சுமார் 6,000 பேருக்கே பதிவு கிடைக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கவே தொடர்ந்து ஏழு ஆண்டுகள் சமூகக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளிக்கு எந்த ஒப்பந்தக்காரர் அப்படிக் கட்டுகிறார்?

எல்லாவற்றையும்விடக் குழந்தைகளைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். பெற்றோர் வேலை செய்யும் ஊரில் குழந்தைக்குச் சமமான கட்டாயக் கல்வி தர வேண்டும் என்று 2006-இல் திருத்திய கட்டாயக் கல்விச் சட்டத்தில் எழுதியவர்கள் நீங்களே. நடைமுறையில் நகரப் பள்ளிகள் சான்றிதழுக்கு மேல் சான்றிதழ் கேட்கின்றன. 2011-இல் பெய்ஜிங்கில் இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்கான பள்ளிகள் இருபதுக்கும் மேற்பட்டவை ஒரே கோடையில் மூடப்பட்டன. எப்படியோ ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டாலும், காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதப் பதிவு உள்ள மாகாணத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் பெருநகரங்களில் இன்னும் பலருக்கு உண்டு. அங்கே போட்டி கடுமை. தலைநகரில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தான் வாழ்ந்தே பார்க்காத ஊரில் போய் அந்தத் தேர்வை எழுத வேண்டியிருக்கிறது.

அதனால் பல பெற்றோர் குழந்தைகளைத் தொடக்கத்திலேயே ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடப்பட்ட குழந்தைகள் 6 கோடியே 10 லட்சம் என்று அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு 2013-இல் மதிப்பிட்டது. 2016-இல் அரசு வரையறையைச் சுருக்கியது. பெற்றோர் இருவருமே வெளியூரில் இருந்தால், அல்லது ஒருவர் வெளியூரிலும் மற்றவர் பொறுப்பேற்க இயலாத நிலையிலும் இருந்தால்தான் கணக்கு. எண்ணிக்கை 90 லட்சத்துச் சொச்சமாக இறங்கிவிட்டது. அப்பா குவாங்தோங்கில் இருக்க அம்மாவோடு ஊரில் வளரும் பிள்ளை புள்ளிவிவரத்திலிருந்து மறைந்தது. அப்பா திரும்பி வந்துவிடவில்லை.

குய்சோவின் பிஜியே நகரில் 2012 நவம்பரில் ஐந்து சிறுவர்கள் குளிருக்காகக் குப்பைத் தொட்டிக்குள் கரி மூட்டி, நச்சுப்புகையில் இறந்தார்கள். அதே பிஜியேவில் 2015 ஜூனில், பெற்றோர் உடனில்லாத வீட்டில் நான்கு உடன்பிறப்புகள் பூச்சிமருந்து குடித்து இறந்தார்கள். மூத்தவனுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்கு 5. இரண்டு முறையும் உள்ளூர் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுத்தீர்கள். தாயும் தந்தையும் ஏன் அந்த வீட்டில் இல்லை என்ற கேள்விக்கு அந்த அதிகாரிகளிடம் பதில் இருந்திருக்க முடியாது. அந்தப் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் தரப்பு வாதங்களை நான் அறியாமல் இல்லை. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பெருநகரங்களில் சேரிகள் பெருகிவிடும் என்பது முதல் வாதம். 2017 நவம்பரில் பெய்ஜிங்கின் தாசிங் வட்டாரத்தில் தீப்பிடித்து 19 பேர் இறந்த கட்டடம் எப்படிப்பட்டது? பதிவு இல்லாதவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. தீயை அடுத்து, உறைய வைக்கும் குளிரில், பல்லாயிரக்கணக்கானோர் சில நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். ஹுகோ சேரியைத் தடுக்கவில்லை. அதை நிலத்தடி அறைகளுக்குள்ளும் நகர விளிம்புக்கும் தள்ளியிருக்கிறது.

இரண்டாவது வாதம் பணம். இது உண்மையான சிக்கல், இதை மதிக்கிறேன். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவு செய்வது உள்ளாட்சி. 1994 வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்துக்குப் பின் வருவாயில் கணிசமான பங்கு நடுவண் அரசிடம் போகிறது. புதிதாக ஒருவருக்குப் பதிவு தந்தால் நகர நிர்வாகத்துக்குச் செலவுதான் கூடுகிறது. அப்படியானால், குடியேறுபவரோடு பணமும் போகட்டும். எந்த மாகாணப் பதிவாக இருந்தாலும் ஒரு குழந்தையின் கல்விக்கான நிதி, அந்தக் குழந்தை உட்காரும் வகுப்பறைக்கு வரும்படி வரவுசெலவுத் திட்டத்தில் எழுதலாம். அதற்கு ஒப்புதல் தரும் இடம் உங்கள் பேரவையே.

விவசாயிகளே நகரப் பதிவை விரும்புவதில்லை என்றும் சொல்கிறீர்கள். பலர் தயங்குவது உண்மை, காரணம் நிலம். 2018-இல் நிலக்குத்தகைச் சட்டத்தைத் திருத்தி, நகரத்தில் குடியேற நிலத்தைத் துறக்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது என்றீர்கள். நல்ல திருத்தம். மனைநிலத்துக்கும் அந்த உறுதி உழவர் மனத்தில் பதிய வேண்டும். 2024-இல் கிராமப்புற முதியவருக்கான அடிப்படை ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை மாதம் 123 யுவான். அதை நம்பி யாரும் நிலத்தை விடமாட்டார்கள்.

2014-இல் விவசாயப் பதிவு, விவசாயம் சாராத பதிவு என்ற பிரிவை எடுக்க அரசவை முடிவுசெய்தது. 30 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களில் தடை நீக்கப்படுகிறது. 2024 ஜூலையில், பொதுச் சேவைகளை வாழும் இடத்தின் அடிப்படையில் தருவோம் என்று கட்சியின் மத்தியக் குழு தீர்மானித்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் மக்கள் வேலை தேடிப் போவது ஷென்ஜென்னுக்கும் ஷாங்காய்க்கும் பெய்ஜிங்குக்கும்; அங்கேதான் கதவு ஒருக்களித்தே நிற்கிறது.

1958 ஜூனில் உங்கள் நிலைக்குழு இன்னொரு ஒழுங்குவிதியையும் நிறைவேற்றியது: விவசாய வரி ஒழுங்குவிதி. 2005 டிசம்பர் 29 அன்று அதை நீங்களே வாக்களித்து நீக்கினீர்கள். உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வரி அடுத்த சில நாள்களில் முடிவுக்கு வந்தது. 2013 டிசம்பரில் நீதிமன்ற விசாரணை இன்றியே ஆட்களை அடைத்து வேலை வாங்கிய, உழைப்பு மூலம் மறுகல்வி என்ற தண்டனைமுறையையும் நீங்களே நீக்கினீர்கள். குடும்பப் பதிவு ஒழுங்குவிதியை நீக்கவும் இதே வாக்கெடுப்பு போதும். 1954-இன் 90-ஆவது உறுப்பை அரசியல் சட்டத்தில் மீண்டும் சேர்க்கும் திருத்தத்தைப் பேரவையின் முன் வைக்கும் அதிகாரமும் உங்களுக்கு உண்டு. அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், பிள்ளைகள் படித்த ஊரிலேயே காவ்காவ் எழுதலாம் என்பதை அடுத்த கல்வியாண்டுக்கு முன் சட்டமாக்குங்கள்.

இந்தக் கோரிக்கையைத்தான் சூ ஜியோங் பெய்ஜிங்கில் பெற்றோர்களோடு சேர்ந்து கல்வி அமைச்சகத்தின் வாசலில் எழுப்பினார். 2014-இல் அவருக்கு நான்கு ஆண்டுச் சிறை. வெளியே வந்தவர் மீண்டும் 2020-இல் கைதாகி, 2023 ஏப்ரலில், அரசதிகாரத்தைக் கவிழ்க்க முயன்றார் என்ற குற்றச்சாட்டில் 14 ஆண்டுத் தண்டனை பெற்றார். 2003-இல் அவர் எழுதிய கடிதத்தால் உங்கள் அரசு கவிழவில்லை. ஒரு கொடுமையான விதி மட்டுமே கவிழ்ந்தது. அவரை விடுதலை செய்ய ஆவன செய்யுங்கள். குடும்பப் பதிவு ஒழுங்குவிதியை நீங்கள் விவாதிக்கும் நாளில், அவர் போன்றவர்களை அழைத்து அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

மதிப்புடன்,
ஒரு தமிழ் வாசகன்